வங்கியின் சம்பள அறிக்கை, பங்குதாரர் வாக்குச் சேவை: மூன்று ஆண்டுகள் பயன்படுத்திய பின் என் விமர்சனம்

வங்கியின் ஆண்டறிக்கை வந்தால் பெரும்பாலான பங்குதாரர்கள் ஈவுத்தொகை எவ்வளவு என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது மூன்று ஆண்டுகளாக நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போகிறேன். சம்பள அறிக்கை அங்கேதான் இருக்கிறது. தலைமை நிர்வாகிக்கும் அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர்களுக்கும் எவ்வளவு கொடுத்தார்கள், அதில் உடனே கைக்குப் போனது எவ்வளவு, சில ஆண்டு கழித்துக் கொடுக்க நிறுத்திவைத்தது எவ்வளவு என்பதெல்லாம் அதில் வரும். அதன்மேல் வாக்களிக்க ஓர் இணையப் பக்கம் உண்டு. சந்தேகம் கேட்க ஓர் உதவி எண்ணும் உண்டு. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். வங்கியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பல நாட்டு வங்கிகளும் ஏறக்குறைய இதே அட்டவணைகளில்தான் கணக்குக் காட்டுகின்றன. ஆகவே நீங்கள் பங்கு வைத்திருக்கும் வங்கியின் அறிக்கையைப் படிக்கவும் இது உதவும்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 22 ஆண்டுகள் வேறொரு வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஒரு கோப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு கட்டுமான நிறுவனத்துக்கான கடன். ஆண்டுக் கணக்கு முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. அடமானச் சொத்தின் மதிப்பீட்டில், நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத பக்கத்து மனையையும் சேர்த்து விலை போட்டிருந்தார்கள். அந்த வரிக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு மேலே அனுப்பினேன். மறுநாள் கோப்பு திரும்பி வந்தது. கேள்விக்குறியை ரப்பரால் அழித்திருந்தார்கள். அழித்த இடத்தில் தாள் தேய்ந்து, பின்பக்கத்து எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கீழே அனுமதிக் கையெழுத்து.

அந்த ஆண்டு எங்கள் மண்டலம் இலக்கைத் தாண்டியது. கையெழுத்துப் போட்ட அதிகாரிக்குப் பெரிய போனஸ் வந்தது. எனக்கும் கொஞ்சம் வந்தது, வாங்கிக்கொண்டேன். மூன்றாம் ஆண்டு தவணை நின்றது. அதற்குள் அவர் வேறொரு வங்கியில் இன்னும் பெரிய பதவிக்குப் போய்விட்டார். கடனை வசூலிக்க நீதிமன்றப் படி ஏறி இறங்கியது கிளையில் இருந்தவர்கள்.

கடன் கெட மூன்று ஆண்டு ஆகிறது, போனஸ் மூன்று மாதத்தில் வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்தவரை வங்கிச் சம்பளத்தில் உள்ள நோய் இதுதான். தொகை பெரிதா சிறிதா என்பது அதற்கு அடுத்த கேள்வி. சம்பள அறிக்கையை நான் அளக்கும் கோலும் இது ஒன்றுதான்: கொடுத்ததைப் பிடித்து வைக்கிறார்களா, தப்பு வெளியே வந்தால் உண்மையிலேயே வெட்டுகிறார்களா?

இந்த அறிக்கை எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அடுத்த மாதமே அமெரிக்க அரசு நிதித்துறையைத் தாங்கிப் பிடிக்க 70,000 கோடி டாலருக்குச் சட்டம் போட்டது. அந்தப் பணத்தில் முதலில் உதவி பெற்ற ஒன்பது பெரிய வங்கிகள் 2008ஆம் ஆண்டுக்காகக் கொடுத்த போனஸ் மட்டும் 3,260 கோடி டாலர் என்று நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞர் ஆண்ட்ரூ குவோமோவின் அறிக்கை 2009 ஜூலையில் கணக்குக் காட்டியது. அந்த ஒன்பதும் சேர்ந்து அதே ஆண்டில் இழந்தது ஏறக்குறைய 8,100 கோடி டாலர். மெரில் லிஞ்ச் என்ற முதலீட்டு வங்கி, பேங்க் ஆஃப் அமெரிக்காவின் கைக்குப் போவதற்குச் சில நாள் முன்பு, 2008 டிசம்பரில், அவசர அவசரமாக 360 கோடி டாலர் போனஸ் கொடுத்து முடித்தது. ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்தை மூழ்கடித்ததே அதன் நிதிப் பிரிவுதான். அந்தப் பிரிவின் ஊழியர்களுக்கு 2009 மார்ச்சில் 16.5 கோடி டாலர் போனஸ் போனது தெரிந்ததும் மக்கள் கொதித்தார்கள். அந்தப் போனஸுக்கு 90 விழுக்காடு வரி போடும் மசோதாவை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை சில நாட்களிலேயே நிறைவேற்றியது. செனட்டில் அது நகரவே இல்லை.

பிரிட்டனில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 2008இல் 2,410 கோடி பவுண்ட் நஷ்டம் காட்டியது. அந்த நாட்டு நிறுவனம் எதுவும் அதுவரை அவ்வளவு இழந்ததில்லை. அதன் தலைவர் ஃப்ரெட் குட்வின் ஐம்பது வயதில், ஆண்டுக்கு ஏழு லட்சம் பவுண்டுக்கு மேல் ஓய்வூதியத்தோடு வெளியே போனார். ஊரே திட்டிய பிறகு அதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். சட்டப்படி அதைப் பிடுங்க வழி இல்லை. ஒப்பந்தம் அப்படி.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் 2009இல் பல நாட்டு நிதிக் கண்காணிப்பாளர்கள் சேர்ந்த நிதி நிலைத்தன்மை வாரியம் ஜி20 நாடுகளுக்காக ஒரு தரம் வகுத்தது. மூத்த நிர்வாகிகளின் போனஸில் 40 முதல் 60 விழுக்காடு வரை குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்க வேண்டும், கணிசமான பகுதியை ரொக்கமாக இல்லாமல் வங்கிப் பங்காகக் கொடுக்க வேண்டும், கணக்கு கெட்டால் நிறுத்திவைத்ததை வெட்ட வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கெல்லாம் வங்கிகள் பொதுவில் கணக்குக் காட்ட வேண்டும் என்று பல நாட்டு வங்கிக் கண்காணிப்பாளர்கள் கூடும் பேசல் குழு 2011இல் சொன்னது. 2017இல் அதற்கென்றே அட்டவணைகளையும் வகுத்தது. என் கையில் இருப்பது அந்த அட்டவணைகள்தான்.

சரி, அறிக்கைக்கு வருவோம். மூன்று ஆண்டுக்கு முன்பு இது ஸ்கேன் செய்த படமாக வந்தது. ஒரு சொல்லைத் தேட முடியாது, எண்ணை நகலெடுக்க முடியாது. இப்போது தேடக்கூடிய கோப்பாகத் தருகிறார்கள். தொடக்கத்தில் இரண்டு பக்கத்துக்குச் சம்பளக் குழுவில் யார் யார், எத்தனை முறை கூடினார்கள் என்று இருக்கும், அதை வேகமாகத் தாண்டலாம். முதல் அட்டவணை அந்த ஆண்டு வழங்கிய சம்பளம்: நிலையானது ஒரு பக்கம், போனஸ் ஒரு பக்கம், ரொக்கம், பங்கு, நிறுத்திவைத்தது என்று பிரித்திருக்கும். தெளிவாக இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது அட்டவணை சிறியது, ஆனால் விட்டுவிடாதீர்கள். பணியில் சேர்வதற்கென்று கொடுத்த தொகை, எது நடந்தாலும் உண்டு என்று உறுதி கொடுத்த போனஸ், வெளியே போகும்போது கொடுத்த தொகை மூன்றும் அதில்தான் வரும். போன ஆண்டு எங்கள் வங்கியில் சேரும் தொகை ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். பழைய வங்கியில் அவருக்கு நிறுத்திவைத்திருந்த போனஸை ஈடுகட்டத்தான் அது என்று அடிக்குறிப்பு சொன்னது. அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கோப்பு ஞாபகம் வந்தது. ஒரு வங்கி பிடித்து வைத்ததை இன்னொரு வங்கி கையில் கொடுத்து அழைத்துக்கொண்டால், பிடித்து வைத்ததற்கு என்ன பயன்? அந்தத் தொகையையும் பழைய நிபந்தனையோடு, பழைய காலக்கெடுவோடு நிறுத்திவைத்தார்களா என்று அறிக்கை சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

மூன்றாவது அட்டவணைதான் உயிர். நிறுத்திவைத்த போனஸின் முழுக் கணக்கு இது. மொத்தம் எவ்வளவு பாக்கி நிற்கிறது, இந்த ஆண்டு எவ்வளவு கைமாறியது என்ற பத்திகளுக்கு நடுவே இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று, பங்கு விலை இறங்கியதால் தானாகக் குறைந்தது. இன்னொன்று, சம்பளக் குழு உட்கார்ந்து முடிவு செய்து வெட்டியது. இந்த இரண்டாவது பத்தியைத்தான் நான் ஒவ்வோர் ஆண்டும் முதலில் பார்க்கிறேன். மூன்று ஆண்டும் அங்கே ஒரு சின்னக் கோடு மட்டும். பூஜ்யம் என்றுகூட எழுதவில்லை, கோடு.

வெட்ட வேண்டிய காரணம் எதுவும் நடக்காமல் இருந்தால் கோடு இருப்பதில் தவறில்லை. ஆனால் அதே ஆண்டறிக்கையில், ஏறக்குறைய இருநூறு பக்கம் முன்னால், பெருநிறுவனக் கடன் பிரிவில் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். வாடிக்கையாளர்களுக்குப் பொருந்தாத திட்டங்களை விற்றதற்காகக் கண்காணிப்பு அமைப்பு அபராதம் விதித்ததும் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கடன்களைக் கொடுத்த ஆண்டுகளில் அந்தப் பிரிவின் தலைவர்களுக்கு எழுதிவைத்த போனஸ் இன்னும் மூன்றாவது அட்டவணையில் பாக்கியாக நிற்கிறது. வெட்ட வேண்டிய நேரம் இதுதானே? இரண்டு பக்கத்தையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மனசு ஆறவில்லை.

உதவி எண்ணுக்கு அழைத்தேன். இந்தச் சேவையைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டியது இங்கே இருக்கிறது. பேசிய பெண் மூன்றாவது அட்டவணை என்றதும் திணறவில்லை, கோப்பைத் திறந்து அதே பத்தியைப் பார்த்துவிட்டு, “சார், இது சம்பளக் குழு எடுக்கிற முடிவு, எங்களுக்குக் காரணம் தெரியாது. நீங்க கேக்குறத எழுத்துல குடுத்தீங்கன்னா செயலாளருக்கு அனுப்பி வெக்கிறேன்” என்றார். அப்படியே அனுப்பியும் வைத்தார். பதினோரு நாளில் பதில் வந்தது. திருத்தம் செய்யத் தேவையான சூழல் எழவில்லை என்று குழு கருதுவதாக இரண்டு வரி. எந்தச் சூழல் எழுந்தால் செய்வார்கள் என்று திரும்பக் கேட்டேன். விதிமுறைகள் குழுவின் விருப்புரிமைக்கு உட்பட்டவை என்று இன்னொரு வரி வந்தது.

விருப்புரிமை என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் கசிந்துவிடுகிறது. வெட்டலாம் என்று விதி சொல்கிறது, வெட்டியே ஆக வேண்டும் என்று சொல்வதில்லை. இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் கொண்டுவந்த விதியை எடுத்துக்கொள்ளுங்கள். வாராக் கடனை வங்கி தன் கணக்கில் குறைத்துக் காட்டி, ரிசர்வ் வங்கியின் ஆய்வில் வித்தியாசம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், அந்த ஆண்டுக்கான நிறுத்திவைத்த போனஸைக் கொடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அந்த ஆண்டுக்கான போனஸைக் கூட்டிக் கேட்கவும் முடியாது. கடன் பிரிவில் இருந்தவனுக்கு இதன் மதிப்பு தெரியும். வாராக் கடனை நல்ல கடன் போலப் புத்தகத்தில் ஓட்டுவதுதான் போனஸைக் காப்பாற்றும் பழைய வழி, அந்த வாசலிலேயே பூட்டுப் போட்டிருக்கிறார்கள். எங்கள் வங்கியின் அறிக்கையிலும் இப்படி இன்னது நடந்தால் இன்னது வெட்டப்படும் என்று நான்கு வரி இருந்தால், நான் உதவி எண்ணுக்கு அழைத்திருக்கவே மாட்டேன்.

வெட்டிய கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைப் பார்க்கலாம். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கு, எட்டுத் திட்டம் விற்க வேண்டும் என்ற இலக்கின் நெருக்கடியில் ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. சுமார் 5,300 பேரை ஏற்கெனவே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். முதலில் தண்டனை பட்டவர்கள் கிளையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். அதன் பிறகுதான் தலைவர் ஜான் ஸ்டம்ஃப் 4.1 கோடி டாலர் மதிப்புள்ள, இன்னும் கைக்கு வராத பங்குகளை இழந்தார். 2017 ஏப்ரலில் இன்னொரு 2.8 கோடி டாலரைத் திரும்பப் பிடித்தார்கள். நிறுத்திவைத்த தொகை என்று ஒன்று இருந்ததால்தான் முதல் வெட்டு அவ்வளவு சுலபமாக நடந்தது. கொடுத்து முடித்ததைத் திரும்ப வாங்குவது, வங்கிக்காரர்கள் கிளாபேக் என்று சொல்வது, எப்போதுமே கஷ்டம். பிடித்து வைத்திருப்பதைக் கொடுக்காமல் விடுவது எளிது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சுவிட்சர்லாந்து வங்கியான கிரெடிட் சுவிஸ் 2008 டிசம்பரில் செய்தது. விற்க முடியாமல் வங்கியின் கையில் சிக்கிக்கொண்ட சுமார் 500 கோடி டாலர் கடன் சொத்துகளை ஒரு குவியலாக்கி, முதலீட்டுப் பிரிவின் மூத்த அதிகாரிகளின் போனஸில் ஒரு பகுதியை அந்தக் குவியலோடு கட்டினார்கள். நீங்கள் வாங்கிப் போட்டது தேறினால் உங்களுக்கும் தேறும் என்பதுதான் அதன் பொருள். அதே வங்கி 2023 மார்ச்சில் போட்டி வங்கியான யூபிஎஸ் கையில் போய் விழுந்தது உண்மைதான். ஒரு நல்ல ஏற்பாடு ஒரு வங்கியைக் காப்பாற்றிவிடாது. ஆனாலும், கையெழுத்துப் போட்டவனும் அந்தக் கடனுக்குள் கொஞ்சம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குச் சரியாகப் படுகிறது. அந்தக் கட்டுமான நிறுவனக் கடனோடு எங்கள் போனஸையும் கட்டியிருந்தால் அந்தக் கேள்விக்குறியை யாரும் அழித்திருக்க மாட்டார்கள். நானும் பென்சிலால் எழுதாமல் மையால் எழுதியிருப்பேன்.

உச்சவரம்பு போடுவதே தீர்வு என்று நம்புகிறவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் அதைச் செய்தது: நிலையான சம்பளத்துக்கு மேல் போனஸ் போகக் கூடாது, பங்குதாரர்கள் ஒப்புக்கொண்டால் இரண்டு மடங்கு வரை போகலாம். வங்கிகள் என்ன செய்தன? நிலையான சம்பளத்தைக் கூட்டின, பதவிக்கான படி என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தன. போனஸையாவது வெட்டலாம், மாதச் சம்பளத்தை வெட்ட முடியாது. பிரிட்டன் 2023 அக்டோபர் 31 முதல் அந்த வரம்பை எடுத்தே விட்டது. எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, நிறுத்திவைப்பதை மட்டும் தளர்த்தாமல் இருக்க வேண்டும். அமெரிக்காவில் சம்பளத்தைக் கண்காணிக்க அரசு நியமித்த கென்னத் ஃபைன்பெர்க் 2009இல் பெரிய உதவி பெற்ற ஏழு நிறுவனங்களின் தலைமையாளர் சம்பளத்தை ஒவ்வொன்றாக உட்கார்ந்து குறைத்தார். ஆனால் பேங்க் ஆஃப் அமெரிக்கா அந்த ஆண்டு டிசம்பரிலேயே 4,500 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் பிடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. வங்கிகளின் ஊக்கத்தொகைக்கென்று 2010ஆம் ஆண்டு டாட்-ஃபிராங்க் என்ற நிதிச் சீர்திருத்தச் சட்டம் கேட்ட விதியை 2011, 2016 என்று வரைவாக வெளியிட்டார்கள், முடிக்கவே இல்லை. 2023 மார்ச் 10 அன்று சிலிக்கான் வேலி வங்கியை அரசு கையில் எடுப்பதற்குச் சில மணி நேரம் முன்புதான் அதன் ஊழியர்களுக்கு ஆண்டு போனஸ் போய்ச் சேர்ந்தது. பதினைந்து ஆண்டு கழித்தும் இப்படி!

வாக்குப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம். உள்ளே போவது எளிது, கைப்பேசியிலும் திறக்கிறது. ஆனால் சம்பளத் தீர்மானத்தை அழுத்தினால் தீர்மானத்தின் ஒரு வரி மட்டும்தான் வருகிறது, அறிக்கைக்கு இணைப்பு இல்லை. வேறு சன்னலில் அறிக்கையைத் திறந்து படித்துவிட்டு வருவதற்குள் வெளியேற்றிவிடுகிறது. இரண்டு முறை எனக்கு அப்படி ஆனது. அதைவிடப் பெரிய குறை, தலைமை நிர்வாகியின் சம்பளமும் மற்ற எல்லா மூத்தவர்களின் சம்பளமும் ஒரே தீர்மானமாக வருகிறது. ஒன்றை ஏற்று இன்னொன்றை மறுக்க வழி இல்லை. வாக்கின் முடிவு வெறும் ஆலோசனைதான், வங்கியைக் கட்டுப்படுத்தாது. சுவிட்சர்லாந்தில் 2013 மார்ச்சில் பொது வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 68 விழுக்காட்டினர் ஆதரித்து, பட்டியலிட்ட நிறுவனங்களில் இதைக் கட்டுப்படுத்தும் வாக்காகவே ஆக்கினார்கள்.

ஆலோசனை வாக்குதானே என்று விட்டுவிடாதீர்கள். 2012 ஏப்ரலில் அமெரிக்காவின் சிட்டிகுரூப் வங்கியின் பங்குதாரர்களில் 55 விழுக்காட்டினர் தலைவர் விக்ரம் பண்டிட்டின் 1.5 கோடி டாலர் சம்பளத்துக்கு எதிராக வாக்களித்தார்கள். அதுவும் ஆலோசனை வாக்குதான். உலகம் முழுக்கச் செய்தியாயிற்று. ஆறு மாதத்தில் அவர் பதவியில் இல்லை. அந்த வாக்கு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் எண்ணிக்கை வெளியே தெரிந்துவிட்டால் அதற்கென்று ஒரு கனம் வந்துவிடுகிறது.

மதிப்பெண் கேட்டால், அறிக்கைக்கு 5க்கு 3. அட்டவணைகள் ஒழுங்காக இருப்பதற்காக மூன்று, அந்தக் கோட்டுக்காக இரண்டைப் பிடித்து வைத்திருக்கிறேன். வாக்குப் பக்கத்துக்கு 2. உதவி எண்ணில் பேசிய பெண்ணுக்கு 5, தயங்காமல் கொடுக்கிறேன்.

இந்த ஆண்டுச் சம்பளத் தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தேன். கருத்துப் பெட்டியில் முந்நூறு எழுத்துதான் போட முடிந்தது. அதனால் செயலாளருக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன்: தள்ளுபடி செய்த ஒவ்வொரு பெரிய கடனும் எந்த ஆண்டில் கொடுக்கப்பட்டது, அந்த ஆண்டின் போனஸில் இன்னும் எவ்வளவு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று அருகருகே இரண்டு பத்தி, அடுத்த அறிக்கையில். இரண்டும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற கணக்குதான். பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.